நாலு கடன் ஓடுகிறது, எதை முதலில் அடைப்பது?

கேள்வி இதுதான். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக் கடன், ஒரு தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, அப்புறம் நெருங்கிய உறவினரிடம் வாங்கிய கைமாற்று என்று நாலு கடன் ஓடுகிறது. வரவு செலவை நோட்டில் எழுதிப் பார்த்தார்கள், இரண்டாவது மாதத்தோடு நின்றுபோனது. வங்கியில் கொஞ்சம் டெபாசிட் இருக்கிறது, அதை உடைக்க மனம் வரவில்லை. எந்தக் கடனை முதலில் அடைப்பது, எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றிக்கொள்ளலாமா?

என் பதில் கொஞ்சம் வேறு இடத்தில் தொடங்கும். நாலில் எதை முதலில் அடைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், ஐந்தாவது கடன் வராமல் நிறுத்த வேண்டும். பல குடும்பங்களின் கணக்கை உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெளிவான விஷயம் இது. வீட்டில் யாரும் ஊதாரியாக இருக்க மாட்டார்கள், ஒவ்வொரு மாதமும் தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனாலும் மொத்தக் கடன் மூன்று வருடம் கழித்தும் அதே அளவில் நிற்கும். ஒரு பக்கம் அடைத்ததை இன்னொரு பக்கம் வாங்கிவிடுகிறார்கள். அதுவும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை, வேறு வழியில்லாமல் வாங்குகிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையான வீட்டுச் செலவுக்கு 62 போகிறது, தவணைகளுக்கு 34 போகிறது. மீதி 4. காகிதத்தில் பார்த்தால் குடும்பம் சமாளிக்கிறது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. ஆனால் பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வண்டிப் பழுது, பல் மருத்துவர், உறவில் ஒரு விசேஷம், திடீரென்று நின்றுபோன சலவை இயந்திரம் என்று மாதாமாதம் வராத செலவுகளை ஒரு வருடத்துக்குக் கூட்டினால் 120 வரும். 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10. அதாவது இந்த வீட்டில் மாதம் 4 மிஞ்சவில்லை, 6 துண்டு விழுகிறது. வருடத்துக்கு 72. அந்த 72 எங்கே போய் உட்காருகிறது? கிரெடிட் கார்டில். முக்கால் மாதச் சம்பளம் அளவுக்கு ஒவ்வொரு வருடமும் புதுக் கடன் ஏறுகிறது, வீட்டில் இருப்பவர்களோ ஹோட்டலில் சாப்பிட்டதுதான் காரணம் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதனால் முதல் வேலை, கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் கார்டு கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் தனியாகக் குறித்துக் கூட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். "அது எதிர்பாராத செலவு, திரும்ப வராது" என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். போன வருடம் வந்த அதே பழுது இந்த வருடம் வராமல் இருக்கலாம், வேறொன்று வரும். வரும் கூட்டுத்தொகையை 12 ஆல் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனி சேமிப்புக் கணக்கு ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், போனில் உள்ள பணம் அனுப்பும் செயலியோடும் இணைக்க வேண்டாம். முழுத் தொகையையும் ஒதுக்க இப்போது முடியாது என்றால் பாதியையாவது ஒதுக்குங்கள். கடனுக்கு அதிகமாகக் கட்ட நினைத்த பணத்தை இதற்குத் திருப்பிவிட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. வட்டி ஓடும்போது பணத்தைச் சேர்த்து வைப்பது முட்டாள்தனம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அடுத்த பள்ளிக் கட்டணம் கார்டில் விழுந்தால் "எவ்வளவு கட்டினாலும் தீரவில்லை" என்று மனம் விட்டுப்போகும். முயற்சியைக் கைவிடும் குடும்பங்களில் பெரும்பாலும் நான் பார்த்த காரணம் இதுதான்.

நோட்டுப் போட்டு எழுதுவது ஏன் நின்றுபோகிறது என்றும் சொல்கிறேன். எழுதுவது செலவான பிறகு நடக்கிறது. போன பணத்தைப் பற்றித்தான் அது சொல்லும், நாளைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. அதனால் 30 தலைப்புப் போட்டு ஒவ்வொரு பைசாவையும் எழுத வேண்டாம். பணத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். தவணைகளும் கட்டாயக் கட்டணங்களும் ஒரு பங்கு, மேலே சொன்ன வருடச் செலவுக்கான ஒதுக்கீடு ஒரு பங்கு, மீதி இருப்பது வாரச் செலவுக்கு. இந்த மூன்றாவது பங்கை வாரத் தொகையாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் அதற்கான கணக்கில் போடுங்கள். இருப்பதைப் பார்த்தாலே எவ்வளவு செலவு செய்யலாம் என்று தெரிந்துவிடும், எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இதில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. மாதத் தொகையை நாலால் வகுத்து வாரத் தொகை என்று வைத்துக்கொள்வார்கள். நாலு வாரம் என்றால் 28 நாள். 12 மாதத்துக்கு 336 நாள்தான் ஆகிறது, மீதி 29 நாளுக்குச் சாப்பாட்டுக்கே பணம் ஒதுக்கவில்லை என்று அர்த்தம். மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் ஏன் எப்போதும் இழுபறியாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 4.33 ஆல் வகுங்கள்.

இனி கடனுக்கு வருவோம். ஒரு தாளில் நாலு கடனையும் எழுதுங்கள். பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சம் எவ்வளவு, எப்போது முடியும், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, எதையாவது அடமானம் வைத்திருக்கிறோமா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். வட்டி விகிதத்தை எழுதும்போது மட்டும் கவனமாக இருங்கள், ஏனென்றால் கடன் கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவுகோலில் வட்டியைச் சொல்வதில்லை. "மாதம் 3 சதவீதம்தான்" என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது, வருடத்துக்கு 36, வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42 சதவீதத்துக்கும் மேல். அதேபோல் ஆரம்பத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடும் முறை இருக்கிறது, ஃபிளாட் வட்டி என்பார்கள். 1 லட்சம் கடன், 3 வருடம், 12 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 36,000, மாதத் தவணை சுமார் 3,778. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், அவர்கள் குறையாத அசலுக்கு வட்டி வாங்குகிறார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இதைக் கணக்கிட்டால் 21 சதவீதம் வரும். ஆக 12 என்று எழுதியிருக்கும் கடன் உண்மையில் 18 சதவீதக் கடனைவிடக் கொடியது. உங்கள் தனிநபர் கடன் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நாலு கடனில் மிகச் சிறியதாகத் தெரிந்து மிக அதிகம் விழுங்குவது அநேகமாக அதுதான். பாக்கி 1 லட்சம், வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 5,000 கட்டுகிறீர்கள், அதில் 3,000 வட்டி, கடன் குறைந்தது 2,000 மட்டும். அடுத்த மாதம் குறைந்தபட்சம் 4,900 என்று வரும், அதைக் கட்டுவீர்கள். இப்படியே ஒரு வருடம் போனால் சுமார் 53,800 கட்டியிருப்பீர்கள், கடன் குறைந்திருப்பது சுமார் 21,500. இதே வேகத்தில் கடன் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 3 வருடம் ஆகும், அதுவும் இடையில் கார்டில் எதுவும் வாங்காமல் இருந்தால். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு குறைந்து வந்தாலும் நீங்கள் முதல் மாதம் கட்டிய அதே 5,000-ஐயே ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். 31 மாதத்தில் மொத்தக் கடனும் தீர்ந்துவிடும். பாதியல்ல, முழுவதும். முதல் மாதத்தைவிட ஒரு பைசா கூட அதிகமாகக் கட்டவில்லை, குறைக்காமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது பலரும் நம்புவதில்லை, கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பழைய பாக்கி இருக்கும்போது அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடைக்காது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். எனவே பாக்கி தீரும் வரை அந்தக் கார்டை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், கடைகளின் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள். கைக்கு எட்டாமல் இருந்தால் அதை எதிர்த்துப் போராட வேண்டிய தேவையே வராது.

எந்தக் கடனுக்கு அதிகம் கட்டுவது என்பதும், எந்தக் கடனைத் தவறவே விடக் கூடாது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். இதைக் குழப்பிக்கொண்டு வீட்டையே இழந்தவர்கள் உண்டு. வீடு அடமானத்தில் இருக்கிறது என்றால் அதன் தவணை எந்த மாதமும் தவறக் கூடாது, அதன் வட்டி குறைவு என்பது இங்கே பொருட்டே இல்லை. எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தொகை போன பிறகு மிஞ்சும் கூடுதல் பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் வரிசையைப் பற்றிய கேள்வி. அதற்கு என் பதில், வட்டி அதிகமான கடனுக்கு. கணக்குப்படி அதுதான் குறைந்த செலவு. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடக்கூடிய சின்னக் கடன் ஏதாவது இருந்தால், வட்டி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதை முதலில் முடித்துவிடுங்கள். 2012-ல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடன் தீர்க்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, தொகை சிறியதோ பெரியதோ, கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக முழுதாக மூடி வந்தவர்கள் கடைசி வரை போய் எல்லாக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். நாலு கடன் மூன்றாகக் குறைவதைக் கண்ணால் பார்ப்பது மனத்துக்கு அவ்வளவு தெம்பு. எந்த வழியில் போனாலும் ஒரு கடன் முடிந்ததும் அதற்குப் போய்க்கொண்டிருந்த தவணை வீட்டுச் செலவில் கரைந்துவிடாமல், அப்படியே அடுத்த கடனோடு சேர வேண்டும். வேகம் பிடிப்பது அங்கேதான்.

உறவினர் கொடுத்த கைமாற்றுக்கு வட்டி இல்லை, அதனால் கணக்குப்படி கடைசியில் வைக்கலாம். நான் அப்படி வைக்கச் சொல்ல மாட்டேன். கொடுத்தவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், நீங்கள் அவர் இருக்கும் இடத்துக்குப் போகவே தயங்குவீர்கள், இரண்டு வருடத்தில் உறவே ஆறிப்போகும். நேரில் போய், "முழுசாக இப்போது முடியாது, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லி, சின்னத் தொகையாக இருந்தாலும் தேதி தவறாமல் கொடுங்கள். தொகையைவிடத் தேதிதான் அவருக்கு முக்கியமாகப் படும்.

டெபாசிட்டை உடைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். டெபாசிட்டுக்கு 6 சதவீதம் வருகிறது, கார்டுக்கு 36 சதவீதம் போகிறது என்றால், அதில் வைத்திருக்கும் ஒவ்வொரு 100-க்கும் வருடம் 30 நஷ்டம். ஆனாலும் மனம் வராது. ஒரே பணத்தை நாம் மனத்துக்குள் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொன்றுக்குத் தொட மறுக்கிறோம் என்பதைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் விரிவாக ஆராய்ந்தார், 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. ஆகவே உங்களுக்கு மட்டும் இருக்கும் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாத அத்தியாவசியச் செலவுக்கான தொகையை மட்டும் கையில் நிறுத்திக்கொண்டு, மீதியைக் கார்டுக்குக் கட்டுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. வருடச் செலவுக்கான ஒதுக்கீடு ஓடத் தொடங்கி, கார்டையும் எடுத்து வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அதற்கு முன் செய்தால் டெபாசிட்டும் போய், ஒரு வருடத்தில் கார்டு பாக்கியும் பழையபடி வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றுவது நல்ல வழியா என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. மாற்றிய பிறகு எவ்வளவு கட்டப் போகிறீர்கள்? அதே 1 லட்சம் கார்டு பாக்கியை 15 சதவீதக் கடனாக 5 வருடத்துக்கு மாற்றினால் தவணை 2,379. 5,000 இருந்த இடத்தில் 2,379, அப்பாடா என்று இருக்கும். ஆனால் மொத்தம் கட்டுவது சுமார் 1,42,700. கார்டிலேயே மாதம் 5,000 கட்டி 31 மாதத்தில் முடித்தால் மொத்தம் 1,55,000. வட்டி விகிதம் பாதிக்கும் கீழே போயும் மிச்சம் வெறும் 12,000 சொச்சம்தான், காலத்தை நீட்டியதால் மீதி எல்லாம் போய்விட்டது. அதே 15 சதவீதக் கடனுக்கு நீங்கள் பழையபடி 5,000-ஏ கட்டினால் 24-வது மாதத்துக்குள் முடிந்துவிடும், மொத்தம் 1,16,000-க்குள். ஆகவே மாற்றுங்கள், ஆனால் கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள், முன்கூட்டியே கட்ட அபராதம் இல்லாத கடனாகப் பார்த்து வாங்குங்கள், நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். வீட்டுக் கடனையே கூட்டி வாங்கிக் கார்டை அடைக்கலாம் என்று சொல்வார்கள், வட்டி இன்னும் குறைவு என்பது உண்மைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்டு பாக்கிக்கு இதுவரை வீடு பிணையாக இல்லை, இப்படி மாற்றினால் பிணையாகிவிடும்.

வீட்டுக் கடனை இப்போதைக்கு அப்படியே ஓட விடுங்கள். மற்றவை தீர்ந்த பிறகு அதைக் கவனிக்கலாம், அப்போது சின்னக் கூடுதல் கூட நிறையச் செய்யும். 9 சதவீதத்தில் 20 வருடக் கடன் என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் தவணை சுமார் 900, தொடக்கத்தில் அதில் 750 வட்டிக்கே போகிறது. தொடக்கத்திலிருந்தே தவணையை 10 சதவீதம் கூட்டிக் கட்டினால் 16 வருடத்துக்குள் முடிந்துவிடும்.

இத்தனை கணக்கும் இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்தால்தான் நடக்கும். பல வீடுகளில் கணவனுக்குத் தெரியாமல் மனைவியிடமும் மனைவிக்குத் தெரியாமல் கணவனிடமும் ஒரு கடன் இருக்கிறது, அவமானத்தால் மறைத்தது, ஏமாற்ற வேண்டும் என்று மறைத்ததாக இருக்காது. தாளில் எழுதும் அன்று அதுவும் வெளியே வர வேண்டும், வந்தால் அன்றைக்குச் சண்டை போடக் கூடாது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பில் வந்த ராத்திரி, சம்பளம் தாமதமான நாள், யாராவது கோபமாக இருக்கும் நேரம் இதெல்லாம் பணம் பேசும் நேரமில்லை. மாதத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம், வயிறு நிறைந்த பிறகு. இரண்டு பேருக்கும் சின்னதாக ஒரு தொகை சொந்தச் செலவுக்கு இருக்கட்டும், அதற்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. அது இல்லாத திட்டம் நாலு மாதம் தாண்டி நான் பார்த்ததில்லை. விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளுக்கும் "இந்த வருடம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறோம், எப்போது வரை என்று திட்டம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். மூடிய கதவுக்குள் பேசுவதைக் கேட்டுப் பயப்படுவதைவிட அது அவர்களுக்கு நல்லது.

தாளில் எழுதிப் பார்த்த பிறகு கட்டாயத் தொகைக்கே வருமானம் போதவில்லை என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு பேசும்போது வசூல் செய்பவரிடம் பேசுகிறீர்கள், அதற்கு முன் பேசினால் முடிவெடுக்கக்கூடியவரிடம் பேசலாம். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். பாதியைக் கட்டினால் போதும், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சொன்னால், அது உங்கள் கடன் வரலாற்றில் முழுமையாகக் கட்டாத கடனாகப் பதிவாகலாம், பிறகு கடன் கிடைப்பது கடினமாகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு உடனடிக் கடனை வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு கடன் முடிந்ததும் பலரும் நிம்மதியில் அப்படியே விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. பாக்கி எதுவும் இல்லை என்று கடன் கொடுத்தவரிடமிருந்து கடிதம் வாங்குங்கள், கொடுத்து வைத்த காசோலைகளையும் பத்திரங்களையும் திரும்பப் பெறுங்கள், வங்கியில் தானாகப் பிடித்தம் செய்யக் கொடுத்த அனுமதியை நிறுத்துங்கள், சில மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். கார்டு பாக்கி முடிந்ததும் அடுத்த மாதமே அந்த 5,000-ஐத் தனிநபர் கடனின் தவணையோடு சேர்த்துக் கட்டத் தொடங்கிவிடுங்கள்.